குத்தகைக் காணியில் ஓர் இணையத்தளம்

கணினி படிக்கும் பிள்ளைகள் இப்போது எமது குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். பாடசாலையில் ஓரளவு படித்து, மிகுதியைக் கைத்தொலைபேசியில் தேடிப் படித்து, ஒருநாள் வீட்டில் வந்து கேட்பார்கள்: "அம்மா, நான் ஒரு வெப்சைற் செய்திருக்கிறன். அதை இன்ரநெற்றில ஏத்த ஒரு இடம் வாடகைக்கு எடுக்க வேணும், காசு தாங்கோ." பெற்றோருக்கு இடம் என்றால் காணி, வாடகை என்றால் வீட்டு வாடகை. ஆகவே அது யாருடைய இடம், எவ்வளவு காலத்துக்கு, எழும்பச் சொன்னால் எங்கே போவது என்று திருப்பிக் கேட்பார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம். இந்த விடயத்தில் கேட்கவேண்டிய கேள்விகளும் அவைதான். ஒருமுறைக்குப் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவற்றைக் கேட்பதில் எவருக்கும் பிந்தியவர்கள் அல்லர்.

முதலில் இந்த "இடம்" என்னவென்று பார்ப்போம். இணையத்தளம் என்பது எங்கோ ஓரிடத்தில் இரவுபகலாக நிறுத்தாமல் ஓடும் ஒரு கணினியில் வைக்கப்பட்டிருக்கும் கோப்புகள். அந்தக் கணினியைச் சேர்வர் என்பார்கள். அதில் ஒரு மூலையை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மற்றவர்களுக்கு விடுகின்ற தொழிலுக்குப் பெயர் ஹோஸ்டிங். உங்கள் பிள்ளை கேட்பது அந்த மூலையைத்தான்.

ஆனால் எல்லா மூலையும் ஒன்றல்ல. மேட்டுக்காணியும் காணிதான், வயலும் காணிதான். நெல் விதைக்க நினைப்பவர் தண்ணீர் பாயுமா என்று பார்த்துத்தானே எடுப்பார்?

ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு கிராமத்தின் கமக்காரர் அமைப்பு, நாற்பது குடும்பங்களுக்கு விதைநெல் கடனாகக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமைப்பின் பெயர், கூட்டம் நடக்கும் நாள், தலைவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை மட்டும் போடுவதென்றால், அது அச்சடித்த துண்டுப்பிரசுரம் போன்றது. யார் பார்த்தாலும் அதே பக்கம்தான். அதற்கு எந்தச் சேர்வரும் போதும். அப்படியான பக்கங்களைக் காசில்லாமலே வைத்துக்கொள்ள நல்ல இடங்கள் உண்டு. ஆனால் ஒரு கமக்காரர் தனது அங்கத்துவ இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன், "மூன்று புசல் எடுத்தீர்கள், ஒன்றரைப் புசல் திருப்பித் தந்தீர்கள், மிகுதி ஒன்றரை" என்று அவருடைய கணக்கை மட்டும் காட்டவேண்டுமென்றால், சேர்வர் சும்மா கோப்பை எடுத்து நீட்டினால் போதாது. அது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, கூட்டிக் கழித்து, அந்த ஆளுக்கென்று ஒரு பக்கத்தை அந்த நேரத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். சங்கக்கடையில் முகாமையாளர் செய்யும் வேலை அது. அந்த வேலையைச் சேர்வரில் இருந்தபடி செய்யும் நிரலைத்தான் சேர்வர்ப் பக்க ஸ்கிரிப்ற் என்கிறார்கள். அதை எழுதுவதற்குப் பல மொழிகள் இருக்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் அதிகமாகக் கையில் எடுப்பது பி.எச்.பி.

ஏன் பி.எச்.பி.?

இது பெரிய கம்பனி ஒன்றில் திட்டமிட்டுச் செய்த மொழி அல்ல. கிறீன்லாந்தில் 1968 இல் பிறந்து, கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1993 இல் பட்டம் பெற்ற றஸ்மஸ் லேர்டோர்ப் என்பவர், இணையத்தில் தான் வைத்திருந்த சுயவிபரப் பக்கத்தை எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காகச் சில சிறிய நிரல்களை எழுதிக்கொண்டார். வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்த ஆவல் நன்றாகப் புரியும். 1995 ஜூனில் அவற்றை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டார். தனிப்பட்ட முகப்புப் பக்கக் கருவிகள் என்பதுதான் அப்போது அதற்கிருந்த பெயர், பி.எச்.பி. என்ற எழுத்துகள் அதிலிருந்து வந்தவை. பின்னர் இஸ்ரேலின் டெக்னியன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சீவ் சுராஸ்கி, அண்டி குட்மன்ஸ் என்னும் இரு மாணவர்கள் தங்கள் பாடத் திட்டம் ஒன்றுக்கு இது போதவில்லை என்று கண்டு, அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். அது பி.எச்.பி. 3 என்று 1998 ஜூனில் வெளிவந்தது. விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளும், 2003 இல் தொடங்கிய வேர்ட்பிரஸும் இந்த மொழியில் எழுதப்பட்டவையே. 2004 இல் தொடங்கிய பேஸ்புக்கும் முதலில் இதில்தான் எழுதப்பட்டது.

தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இது ஏன் பிடித்தது என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னர் பேர்ள் போன்ற மொழிகளில் எழுதியவர்கள், நிரலைக் குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் வைத்து, முதல் வரியில் பேர்ள் இருக்கும் பாதையைச் சரியாக எழுதி, கோப்புக்கு ஓடும் அனுமதியும் கொடுக்கவேண்டும். ஒன்று பிசகினாலும் "சேர்வருக்குள் பிழை" என்ற ஒரே வரி வந்து நிற்கும். என்ன பிழை என்று சொல்லாது. பி.எச்.பி.யில் அந்தக் கரைச்சல் இல்லை. சாதாரண இணையப் பக்கத்தின் நடுவில் தேவையான இடத்தில் இரண்டு வரி நிரலைச் செருகி, கோப்பின் பெயரை மாற்றி, ஏற்றிவிட்டால் ஓடும்.

இடம் வாடகைக்கு விடுபவர்களுக்கும் அது வாய்ப்பாக இருந்தது. பி.எச்.பி. நிரல் ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது மட்டும் எழும்பி, வேலையை முடித்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நித்திரைக்குப் போய்விடும். ஒருவரும் வராத நேரத்தில் அது நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. ஆகவே ஒரே சேர்வரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளரை இருத்தலாம். ஒரு கிணற்றில் முறைவைத்து இறைப்பது போல. பைதன், நோட் போன்றவற்றில் எழுதும் தளங்களுக்குப் பெரும்பாலும் எப்போதும் விழித்திருக்கும் ஒரு நிரல் தேவை. அதற்குத் தனியாக இடம் ஒதுக்கவேண்டும், வாடகையும் கூடும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங் என்றால் பி.எச்.பி.யும் மை எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தளமும் என்று உலகம் முழுவதும் ஆகிவிட்டதன் காரணம் இதுதான். இந்த மொழியைக் குறை சொல்பவர்கள் உண்டு. பழைய பதிப்புகளைப் பற்றிய குறைகள் பல சரியானவையும்கூட. இருந்தாலும் கையில் சிறு தொகையுடன் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு நாங்கள் இதையே சொல்வோம்.

முதலில் வீட்டு முற்றத்தில்

காசு கட்டும் முன்னர் ஒரு சொல். நாற்று மேடையைப் பெரிய வயலில் எவரும் போடுவதில்லை. பி.எச்.பி. பழகுவதற்கு ஹோஸ்டிங் வேண்டியதே இல்லை. எக்ஸாம்ப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், சேர்வரும் தரவுத்தளமும் பி.எச்.பி.யும் சேர்ந்து உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓடும். ஒருமுறை இறக்கிய பிறகு இணைய இணைப்பும் தேவையில்லை. 2012 இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பி.எச்.பி. தன்னுள்ளேயே ஒரு சிறிய சேர்வரை வைத்திருக்கிறது. சோதித்துப் பார்ப்பதற்கு அதுவே போதும். கணினி இல்லாத வீடுகளில், அன்ட்றொயிட் கைத்தொலைபேசியில் டேர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு அதற்குள் பி.எச்.பி.யை நிறுவலாம். சின்னத் திரையில் எழுதுவது கண்ணுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் விதைநெல் கணக்குப் போன்ற ஒன்றை இப்படியே முழுவதும் எழுதி, நாற்பது பெயரையும் இட்டு, கூட்டல் கழித்தல் சரியா என்று பார்த்துவிடலாம். அது ஒழுங்காக ஓடிய பின்னரே வாடகையைப் பற்றி யோசிக்கவேண்டும். முதல் நாளே இடம் எடுத்துவிட்டுப் பன்னிரண்டு மாதமும் வெறும் காணிக்குக் குத்தகை கட்டுபவர்கள் நிறையப் பேர்.

எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

இடம் தேடும்போது விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது கொள்ளளவு. இத்தனை ஜிகாபைற், அளவில்லாத இடம், அளவில்லாத போக்குவரத்து. நாற்பது குடும்பங்களின் கணக்கு ஒரு புகைப்படத்தின் அளவுக்கும் வராது. ஆகவே அதை விட்டுவிடுங்கள். ("அளவில்லாத" என்று எழுதியிருக்கும் இடங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு ஒப்பந்தத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைக் காணலாம்.) கேட்கவேண்டியது, உங்களிடம் பி.எச்.பி.யின் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதை நான் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான்.

இது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. பி.எச்.பி. 5 என்ற நல்ல திருத்தமான பதிப்பு 2004 ஜூலையில் வந்தது. ஆனால் ஹோஸ்டிங் கம்பனிகள் பழைய 4 ஐ விடவில்லை. கேட்டால், வாடிக்கையாளரின் நிரல்கள் எல்லாம் 4 இல் எழுதப்பட்டவை, மாற்றினால் உடைந்துவிடும் என்றார்கள். நிரல் எழுதுபவர்களைக் கேட்டால், கம்பனிகளிடம் 4 தானே இருக்கிறது, 5 இல் எழுதினால் எங்கே ஓடுவது என்றார்கள். வாய்க்காலின் இரு பக்கமும் நின்று, நீ முதலில் வெட்டு, நீ முதலில் வெட்டு என்று சொன்ன கதை. மூன்று வருடம் இப்படியே போனது. கடைசியில் 2007 இல் ட்றூப்பல் போன்ற மென்பொருள்களை எழுதுபவர்கள் பலர் ஒன்றுகூடி, 2008 பெப்ரவரி 5 இற்குப் பிறகு வரும் எங்கள் புதிய வெளியீடுகள் பழைய பதிப்பில் ஓடமாட்டா என்று நாள் குறித்து அறிவித்தார்கள். ஹோஸ்டிங் கம்பனிகள் பலவும் அந்த நாளை ஏற்றுச் சேர்ந்துகொண்டன. தனித்தனியாக நின்று கெஞ்சியபோது அசையாத விடயம், கூட்டாக நாள் குறித்தபோது அசைந்தது.

இன்றும் மலிவான இடங்கள் சிலவற்றில் காலாவதியான பதிப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் திருத்தங்கள் கிடைக்கும் காலம் வரையறுக்கப்பட்டது. அது முடிந்த பின்னர் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தருவதற்கு ஆள் இல்லை. 5.6 இற்கு அந்தக் காலம் 2018 முடிவுடன் போனது, 7.4 இற்கு 2022 நவம்பரில், 8.0 இற்கு 2023 நவம்பரில். 8.4 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. நீங்கள் இதை வாசிக்கும் நாளில் எவை உயிருடன் இருக்கின்றன என்று பி.எச்.பி.யின் சொந்தத் தளத்தில் ஓர் அட்டவணை உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கம்பனியிடம் பேசுங்கள்.

பழைய பாடப் புத்தகங்களாலும் இடறல் வரும். மை எஸ்.கியூ.எல். உடன் பேசுவதற்கு முன்னர் இருந்த கட்டளைகள், 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 இல் முற்றாக எடுக்கப்பட்டுவிட்டன. நூலகத்தில் கிடைத்த பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிய பிள்ளை, புதிய சேர்வரில் ஏற்றியவுடன் "இப்படி ஒரு கட்டளை இல்லை" என்ற செய்தியைக் காணும். அதற்காகப் பழைய பதிப்பு ஓடும் கம்பனியைத் தேடிப் போகவேண்டாம். கட்டளையை மாற்றி எழுதுங்கள். புதிய முறையில் எழுதினால், படிவத்தில் ஒருவர் விஷமமாக எதையாவது இட்டுத் தரவுத்தளத்தைக் குழப்பும் ஆபத்தையும் அதே கையோடு தடுத்துக்கொள்ளலாம்.

ஓர் இடம் எடுத்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, "பி.எச்.பி. இன்போ" என்ற ஒரேயொரு கட்டளை மட்டும் உள்ள சிறிய கோப்பை ஏற்றித் திறந்து பார்ப்பது. பதிப்பு எது, என்னென்ன இணைப்புகள் உள்ளன, ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஒரு நிரல் எத்தனை செக்கன் ஓடலாம் என்று நீண்ட பட்டியலாகக் காட்டும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது. பார்த்து எழுதிக்கொண்டதும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டின் வரைபடத்தை வீதியில் ஒட்டிவைப்பதில்லை.

தமிழ் எழுத்து நிற்குமா?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சொல்லாத ஒன்று எமக்கு இருக்கிறது. "அம்மா" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பி.எச்.பி.யின் சாதாரண நீளக் கட்டளையைக் கேட்டால் பதினைந்து என்று சொல்லும். அது எழுத்தை எண்ணுவதில்லை, பைற்றை எண்ணுகிறது. யூனிகோட்டில் "அம்மா" என்பது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். இணையத்தில் வழக்கமாகப் பாவிக்கும் யூ.டி.எப். 8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற். பெயரின் முதல் பத்து எழுத்தை மட்டும் காட்டு என்று எழுதினால், நாலாவது குறியின் நடுவில் வெட்டிவிட்டுக் கடைசியில் குப்பை ஒன்றைக் காட்டும்.

இதற்கு மருந்து எம்.பி. ஸ்ரிங் என்ற இணைப்பு. அது பைற்றை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணும். அம்மாவுக்கு ஐந்து என்று சொல்லும். பிள்ளை சொல்வதுபோல மூன்று என்று சொல்ல இன்ரல் என்ற இன்னோர் இணைப்பு வேண்டும். இவ்விரண்டும் பி.எச்.பி.யுடன் எப்போதும் தானாக வருபவை அல்ல, கம்பனி போட்டிருக்கவேண்டும். மேலே சொன்ன பட்டியலில் இந்த இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லிக் கேளுங்கள். போடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தரவுத்தளத்திலும் இதே கவனம் வேண்டும். மை எஸ்.கியூ.எல். நீண்ட காலமாக, ஒன்றும் சொல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன் முறையிலேயே பெட்டியைத் திறக்கும். 2018 இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூ.டி.எப். 8 எம்.பி. 4 என்ற முறை தானாக வந்தது. லத்தீன் பெட்டிக்குள் தமிழ்ப் பெயரைப் போட்டால், திரும்ப எடுக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். அந்தக் கேள்விக்குறியிலிருந்து பழைய பெயரை மீட்க வழி இல்லை. அது போனது போனதுதான். ஆகவே பெட்டியைத் திறக்கும் முதல் நாளே எழுத்து முறையைச் சொல்லித் திறக்கவேண்டும். நாற்பது பேரின் பெயரை இட முன்னர் ஒரு பெயரை இட்டு, வெளியே எடுத்துப் பாருங்கள். "ஸ்ரீ" என்ற எழுத்தையும் ஒருதரம் இட்டுப் பார்ப்பது நல்லது. எமது ஊரில் அது இல்லாத பெயர்ப்பட்டியல் ஏது?

இலவசமாகக் கிடைப்பவை

பி.எச்.பி.யும் தரவுத்தளமும் சேர்த்து இலவசமாகத் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். பழகுவதற்கு அவற்றைப் பாவிப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே மின்னஞ்சல் அனுப்பும் கட்டளை பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும், சில காலம் எவரும் வந்து பார்க்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், குறைபாடு சொல்ல ஆள் இருக்காது. வேறு விதமான இலவசமும் உண்டு. கிற்ஹப் பேஜஸ் போன்ற இடங்கள் நல்லவை, நம்பகமானவை. ஆனால் அவை துண்டுப்பிரசுர வகைக்கு மட்டும். அங்கே பி.எச்.பி. கோப்பை ஏற்றினால் அது ஓடாது. தெரியாமல் ஏற்றிவிட்டு, என் நிரலில் பிழை என்று இரவிரவாகத் தேடும் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறோம். பிழை நிரலில் இல்லை, காணியில்.

2015 ஒக்ரோபரில் வெளிவந்த செய்தி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 000வெப்ஹோஸ்ற் என்ற, உலகில் அதிகம் பேர் பாவித்த இலவசப் பி.எச்.பி. ஹோஸ்டிங் ஒன்றிலிருந்து ஒரு கோடியே முப்பது இலட்சம் பேரளவில் அவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் எல்லாம் களவுபோயிருந்தது தெரியவந்தது. அந்தக் கம்பனியின் சேர்வரிலேயே பழைய பி.எச்.பி. பதிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் வழியாகத்தான் உள்ளே போனார்கள். கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே வைக்கப்பட்டிருந்தன. மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்லை வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல் வேண்டும் என்பது இதனால்தான். நீங்கள் எழுதும் விதைநெல் கணக்கிலும் கமக்காரரின் கடவுச்சொல்லை அப்படியே வைக்காதீர்கள். அதை மறைத்து வைப்பதற்கென்றே ஒரு கட்டளை 2013 முதல் பி.எச்.பி.க்குள் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் எமது வாசகருக்கு நெருக்கமானது. 1994 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிற்றீஸ் என்ற இலவச இடம், தன்னிடம் வந்தவர்களை "குடியேறிகள்" என்ற பொருள்படும் பெயரால் அழைத்தது. விருப்பத்துக்கேற்ற ஊர் ஒன்றைத் தெரிந்து, அங்கே இலக்கமிட்ட ஒரு வளவை எடுத்துக்கொண்டு பக்கம் எழுதலாம். இலட்சக்கணக்கானோர் அங்கே குடியேறினார்கள். குடும்பப் படம், பூனைக்குட்டிப் படம், நோயாளிகளுக்கான ஆலோசனை, செத்துப்போன பிள்ளையின் நினைவு என்று எல்லாம் எழுதினார்கள். 1999 இல் அதை யாகூ வாங்கியது. 2009 ஒக்ரோபரில் மூடிவிட்டது. சில மாதம் முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டதென்பது உண்மை. ஆனால் பழைய மின்னஞ்சலைக் கைவிட்டவர்களுக்கும், இறந்துபோனவர்களுக்கும் அறிவித்தல் எப்படிப் போய்ச் சேரும்? தன்னார்வலர்கள் சிலர் இரவுபகலாக நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. ஊர் முழுவதும் ஒரே நாளில் எழும்பச் சொன்னது எப்படியிருக்கும் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

உறுதி யாருடைய பெயரில்?

ஹோஸ்டிங் எடுக்கும்போது இரண்டு பொருளை வாங்குகிறீர்கள். ஒன்று இடம். மற்றது பெயர், அதாவது டொமைன். இடம் குத்தகைக் காணி. இன்று ஒரு கம்பனி, நாளை வேறொரு கம்பனி. பெயர்தான் உறுதி. ஆட்கள் உங்களைத் தேடி வருவது பெயரை வைத்து. இடத்தை மாற்றினாலும் பெயர் உங்களிடம் இருந்தால் ஒருவருக்கும் வழி தவறாது. பெயர் போனால், சேர்வரில் கோப்புகள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

ஆகவே "ஒரு வருடத்துக்குப் பெயர் இலவசம்" என்ற விளம்பரத்தைக் கண்டால் நின்று கேளுங்கள். இரண்டாம் வருடம் எவ்வளவு? நான் விட்டுப் போனால் பெயரைக் கொண்டுபோகலாமா? உரிமையாளர் என்ற இடத்தில் எழுதப்படுவது எனது பெயரா, உங்களுடையதா? முதல் வருடம் கொள்ளை மலிவாகவும் புதுப்பிக்கும்போது பல மடங்காகவும் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். புதுப்பிக்கும் விலையைத்தான் உண்மையான விலையாக எடுக்கவேண்டும்.

கடனட்டை இல்லாத வீடுகளில், வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ அண்ணாவோ காசு கட்டுவது வழக்கம். கட்டட்டும். ஆனால் கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். அவருடைய மின்னஞ்சலில் திறந்தால், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவரிடம் போகும். அவர் வேலைக் களைப்பில் பார்க்காமல் விட்டால் அமைப்பின் பெயர் காலாவதியாகும். கொம் என்று முடியும் பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னரும் முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கு வழக்கமான கட்டணத்தைவிட அதிகம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் யாரும் எடுக்கலாம். இடம் மாறி மாறி வாழும் குடும்பங்களில் சிம் அட்டை மாறும், விலாசம் மாறும். மாறிய ஒவ்வொரு தடவையும் டொமைன் கணக்கிலும் மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லை மீட்கும் இரகசிய இலக்கம் பழைய சிம்முக்குப் போனால், உங்கள் சொந்த வீட்டுக்குள் நீங்களே போகமுடியாது. கணக்கின் விபரங்களைக் கடதாசியில் எழுதி, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் அந்தப் பொலித்தீன் பையிலேயே வையுங்கள்.

எமது நாட்டின் எல்.கே. என்று முடியும் பெயர்களுடன், 2010 முதல் ".இலங்கை" என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இருக்கின்றன. அமைப்பின் பெயரை முழுவதும் தமிழில் எழுதி முகவரியாக வைக்கலாம் என்பது பார்க்க மகிழ்ச்சியானது. ஆனால் எல்லா மின்னஞ்சல் சேவைகளும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றும் கூடவே இருந்தால் வசதி.

எழும்பவேண்டி வந்தால்

நல்ல இடம் எது என்பதற்கு எங்களிடம் ஓர் உரைகல் உண்டு. உள்ளே போவது எவ்வளவு சுலபம் என்று பார்க்கவேண்டாம், வெளியே வருவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். கோப்புகளை முழுவதுமாக இறக்கிக்கொள்ள விடுகிறார்களா? தரவுத்தளத்தை ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா? பெரும்பாலான இடங்களில் பி.எச்.பி. மை அட்மின் என்ற கருவி இருக்கும். அதில் "ஏற்றுமதி" என்ற பொத்தானை அழுத்தினால் நாற்பது குடும்பத்தின் கணக்கும் ஒரு சிறிய கோப்பாக உங்கள் கைக்கு வரும். மாதத்தில் ஒருநாள் குறித்து அதைச் செய்யுங்கள். ஒன்றைக் கணினியிலும் ஒன்றை வேறொருவர் வீட்டில் இருக்கும் பென் ட்றைவிலும் வையுங்கள். கம்பனியே பிரதி எடுக்கிறது என்று சொன்னாலும் உங்கள் பிரதி வேண்டும். விதைநெல்லை வேறொருவர் கோட்டையில் மட்டும் வைத்திருக்கும் கமக்காரர் இல்லை.

இடம் மாற்றும் நாள் வந்தால் அவசரப்படவேண்டாம். பழைய கணக்கு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதிய இடத்தை எடுத்து, அங்கே பதிப்பையும் எழுத்து முறையையும் பார்த்து, கோப்புகளை ஏற்றி, தரவுத்தளத்தை இறக்குமதி செய்யுங்கள். புதிய தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் நிரலில் மாற்ற மறக்கவேண்டாம். பூட்டுக் குறியிட்ட பாதுகாப்பான இணைப்புக்குரிய சான்றிதழையும் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். லெற்ஸ் என்கிறிப்ற் என்ற அமைப்பு 2015 டிசம்பர் முதல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. ஆகவே அதற்கெனத் தனிக் காசு கேட்கும் கம்பனியிடம் ஏன் என்று கேளுங்கள். எல்லாம் சரியென்று கண்ட பின்னர், பெயர் காட்டும் திசையைப் புதிய சேர்வருக்கு மாற்றுங்கள். அந்த மாற்றம் எல்லா இடமும் போய்ச் சேரச் சில மணி நேரம், சிலவேளை இரண்டு நாளும் ஆகும். அதுவரை சிலர் பழைய வீட்டுக்கும் சிலர் புதிய வீட்டுக்கும் வருவார்கள். அந்த இரண்டு நாளும் புதிய கணக்கு எதையும் பதியவேண்டாம் என்று அங்கத்தவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய இடத்தில் கடைசியாக ஒருமுறை ஏற்றுமதி செய்து, புதியதுடன் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலும் புசல் கணக்கு ஒன்றாக இருந்தால் பழைய கணக்கை மூடலாம்.